விடுகைப் பத்திரம் கேட்குமுன்



இரண்டாந் தவணை தொடங்கிச் சில வாரங்கள் சென்றபின் வன்னிப் பங்குகளில் பணிபுரியும் குருக்களிடம் ஒரு கேள்வி வந்து சேர்வது வழக்கம். ஞாயிறு திருப்பலி முடிந்த கையோடு தாயும் தந்தையும் அறைவீட்டு விறாந்தையில் வந்து அமர்கின்றனர். பிள்ளை தரம் மூன்றிலோ நான்கிலோ படிக்கின்றது. ஊர்ப் பாடசாலையில் ஆசிரியர் போதாது. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ புதுக்குடியிருப்பிலோ உள்ள பெரிய பாடசாலை ஒன்றில் ஓர் இடம் வெற்றிடமாகியுள்ளதாம். இப்போது பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் கிடைக்காதாம். "சுவாமி, பிள்ளையை இப்பவே மாத்துறதோ, வருஷம் முடியட்டும் எண்டு விடுறதோ?"

கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆயினும் ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அதன் உலகம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கின்றது. பெரியவர்களாகிய நாம் தொழிலை மாற்றும்போதும் வீட்டை மாற்றும்போதும் பல மாதங்கள் ஆலோசிக்கின்றோம். பிள்ளையின் வகுப்பறையை மாற்றும் முடிவையோ சில வேளைகளில் ஒரு தொலைபேசி அழைப்பில் எடுத்துவிடுகின்றோம். இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் 1965 ஒக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், பிள்ளைகளின் முதலாவதும் முதன்மையானதுமான கல்வியாளர் பெற்றோரே எனத் தெளிவாகக் கூறியது. ஆகவே இந்தக் கேள்விக்குக் குருவானவர் விடை சொல்லிவிட முடியாது. விடை தேடும் வழியில் உங்களோடு சிறிது தூரம் நடக்கலாம். அவ்வளவே.

இன்று இந்தக் கேள்வியோடு வரும் பெற்றோர் யார் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். முப்பது வயதுக்கும் நாற்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்டவர்கள். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றபோது அவர்களுட் சிலர் தோளில் புத்தகப் பையுடன் நடந்தவர்கள். பின்னர் கிளாலி நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தவர்கள். 1996 இல் கிளிநொச்சி நகர் வெறுமையானபோது அக்கராயனுக்கும் ஸ்கந்தபுரத்துக்கும் மல்லாவிக்கும் போனவர்கள். இளையவர்களோ 2008 இலும் 2009 இலும் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று நகர்ந்து, ஈற்றில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமின் தகரக் கொட்டிலில் எழுதப் படித்தவர்கள். இதை எழுதுபவனும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவனே. மர நிழலில் கரும்பலகையைச் சாய்த்து வைத்துப் படித்த நினைவு எங்கள் எல்லோருக்கும் பொதுச் சொத்து.

இதனால்தான் ஒரு வாக்கியம் இந்த உரையாடலில் தவறாமல் வந்து விழுகின்றது. "நாங்கள் எட்டுப் பள்ளிக்கூடம் மாறினனாங்கள். அதுக்காகப் படிக்காமலே விட்டம்?"

உண்மைதான், படித்தீர்கள். ஆயினும் அன்று நடந்ததைச் சற்று நிதானமாக மீட்டுப் பாருங்கள். இடம்பெயர்ந்த வேளையில் நீங்கள் தனியே பாடசாலை மாறவில்லை. பாடசாலையே உங்களோடு இடம்பெயர்ந்தது. காலையில் ஒரு பாடசாலை இயங்கிய கட்டடத்தில் மாலையில் உங்கள் பாடசாலை தன் சொந்தப் பெயரோடு இயங்கியது. அதே அதிபர், அதே ஆசிரியர்கள், அதே வரவு இடாப்பு. பக்கத்தில் அமர்ந்தவன் பக்கத்துக் காணியில் தறப்பாள் கட்டியிருந்தவன். கட்டடம் போயிற்று, கதிரை மேசை போயிற்று, ஆட்கள் எஞ்சியிருந்தார்கள். மெனிக் பாமில் ஒரே ஊரார் வெவ்வேறு வலயங்களுக்குச் சிதறியபோது அந்த இழை அறுந்தது. அங்கே அடைபட்டிருந்த ஆசிரியர்களே மீண்டும் பிள்ளைகளைக் கூட்டி எழுத்தைத் தொடக்கிவைத்தார்கள். அவர்களுக்கு இந்த மண் இன்னும் முறையாக நன்றி சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

இன்று நீங்கள் மாற்ற நினைக்கும் பிள்ளையின் நிலை வேறு. அது தனியே போகின்றது. ஊர் அங்கேயே இருக்க, தோழர்கள் அங்கேயே இருக்க, தான் மட்டும் காலை ஆறு மணிக்கு ஒரு வானில் ஏறி, தன் பெயரை யாரும் அறியாத வகுப்பறைக்குள் நுழைகின்றது. ஆதலால் உங்கள் இடம்பெயர்வை அளவுகோலாக வைத்து அதன் சுமையை நிறுத்துப் பார்க்க முடியாது.

இது எமது ஊரில் மட்டும் கண்ட உண்மையன்று. இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939 செப்டெம்பரில் பிரித்தானியாவின் நகரங்களிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் பேர் பாதுகாப்புக்காகக் கிராமப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் சிறுவர்கள். அக்காலத்தில் இலண்டனில் சிறுவர் காப்பகங்களை நடத்திய அனா பிராய்ட், டொரதி பர்லிங்காம் என்னும் இருவர் அங்கே கண்டதைப் பின்னர் எழுதினர். குண்டு விழுந்த வீட்டில் தாயோடு இருந்த பிள்ளையைக் காட்டிலும், குண்டு விழாத ஊருக்குத் தனியே அனுப்பப்பட்ட பிள்ளையே அதிகம் கலங்கியிருந்தது என்பது அவர்களின் முடிவு. எமது மண்ணில் உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் வன்னி மக்களின் துயரை ஆராய்ந்தபோது, தனிமனிதரின் காயத்தோடு நின்றுவிடாமல், குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்பட்டதையே அழுத்திக் கூறினார். ஊரும் உறவும் தாங்கிய பிள்ளை எத்தனையோ துன்பங்களைக் கடந்து வந்துவிடுகின்றது. அந்தத் தாங்குதலை நாமாக எடுத்துவிடும்போது ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பதில் தவறில்லை.

பாடத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம் என்பேன். நாடு முழுவதற்கும் பாடத்திட்டம் ஒன்றே. அரசு இலவசமாக வழங்கும் பாடநூலும் ஒன்றே. ஓர் அலகு முன்பின்னாக இருந்தால் சில வாரங்களில் சரிசெய்துவிடலாம். சரிசெய்யக் கடினமானது வேறொன்று. ஆரம்பப் பிரிவில் ஒரே வகுப்பாசிரியரே பெரும்பாலான பாடங்களைக் கற்பிக்கின்றார். ஒரு பிள்ளை எப்போது வாய் திறக்கும், எப்போது பசியோடு வந்திருக்கின்றது, எந்த எழுத்தைத் தலைகீழாக எழுதும் என்பதையெல்லாம் அவர் அறிந்துகொள்வதற்கே ஒரு தவணை செல்லும். வருட நடுவில் புதிய வகுப்புக்குள் நுழையும் பிள்ளை அந்த ஒரு தவணையை இழந்த பிள்ளை. நாற்பது பிள்ளைகளுள் நாற்பத்தோராவதாகப் பின்வாங்கில் அமரும் அதனை ஆசிரியர் அறிந்துகொள்ளுமுன்பே வருடம் முடிந்துவிடலாம். வருடத் தொடக்கத்தில் சேரும் பிள்ளைக்கு இந்தக் குறை இல்லை. அன்று எல்லோரும் அந்த ஆசிரியருக்குப் புதியவர்களே.

இனிப் புலமைப்பரிசிலுக்கு வருவோம். வராமல் இருக்க முடியாது. பெற்றோர் வாயில் ஆசிரியர் பற்றாக்குறை முதலில் வந்தாலும், மனத்தில் முதலில் இருப்பது தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சைதான். அந்தப் பரீட்சைக்கு நோக்கங்கள் இரண்டு. வசதி குறைந்த பிள்ளைக்குப் பண உதவி வழங்குவது ஒன்று. திறமையுள்ள பிள்ளையைத் தரம் ஆறில் பெரிய பாடசாலைக்கு அனுப்பிவைப்பது மற்றொன்று. அதாவது, ஊர்ப் பாடசாலையில் படித்த ஏழைப் பிள்ளை நகரப் பாடசாலைக்குச் செல்லத் திறக்கப்பட்ட கதவு அது. நாமோ அந்தக் கதவைத் திறப்பதற்காகவே பிள்ளையை முன்கூட்டியே நகரத்துக்குக் கொண்டுபோகின்றோம்! புலமைப்பரிசில் ஒன்றுக்காக மட்டும் தரம் நான்கில், அதுவும் வருட நடுவில், ஒரு பிள்ளையைப் பிடுங்கி நடுவதை நான் ஆதரிக்கவில்லை. தரம் ஐந்தோடு முடியும் ஆரம்பப் பாடசாலைகள் வன்னியில் நிறைய உண்டு. அங்கு படிக்கும் பிள்ளைகள் தரம் ஆறில் எப்படியும் மாறத்தான் போகிறார்கள். எல்லோரும் சேர்ந்து மாறும் அந்த நேரம் இயல்பான நேரம்.

இவ்விடத்தில் திருக்குடும்பத்தை நினைவுகூர்வோம். லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இயேசுவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நம் கணக்கில் தரம் ஏழு. பாஸ்கா விழாவுக்குப் போன இடத்தில் பிள்ளை காணாமற் போய், மூன்று நாட்களின் பின் எருசலேம் கோவிலில் போதகர்கள் நடுவே அமர்ந்து கேட்பதும் வினவுவதுமாக இருக்கக் காண்கின்றனர். இதைப் பாடசாலைக் கண்ணோடு சற்றுப் பாருங்கள். நாட்டின் மிகச் சிறந்த ஆசிரியர்கள் அங்கே இருக்கின்றார்கள். பிள்ளையின் அறிவுத்திறனைக் கண்டு வியக்கின்றார்கள். இடம் தேடி அலைய வேண்டியதில்லை, இடமே தேடி வந்துவிட்டது. நாமாக இருந்தால் அன்றே விடுதி பார்த்திருப்போம். மரியாளும் சூசையப்பரும் பிள்ளையை அழைத்துக்கொண்டு நாசரேத்துக்குத் திரும்பினர். நத்தனியேல் பின்னொருநாள் ஏளனமாக ஐயுற்ற அதே நாசரேத்து. அங்கேதான் பிள்ளை ஞானத்திலும் உடல்வளர்ச்சியிலும் மிகுந்து வந்ததாக நற்செய்தியாளர் எழுதி வைத்தார். சிற்றூர்ப் பாடசாலையில் பிள்ளையை வைத்திருப்பதால் தாங்கள் கடமை தவறிவிட்டோமோ என்று குற்ற உணர்வு கொள்ளும் பெற்றோர் இந்தப் பகுதியை ஒருமுறை வீட்டில் வாசிக்கலாம்.

எனினும் அதே சூசையப்பர் ஒருமுறை விடியும்வரைகூடக் காத்திராதவர் என்பதையும் மறக்கலாகாது. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்று அறிந்த இரவிலேயே எழுந்து, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டார். பிள்ளைக்குத் தீங்கு நேரும் இடத்தில் தவணை முடியட்டும், சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளை அடிக்கப்படுகிறதா, எல்லோர் முன்னிலையிலும் இழிவுபடுத்தப்படுகிறதா, தகாத முறையில் எவரேனும் தொடுகிறார்களா, பெரிய மாணவர்கள் துன்புறுத்துகிறார்களா என்று கேட்டறியுங்கள். நேரே கேட்டால் பிள்ளைகள் பெரும்பாலும் சொல்வதில்லை. காலையில் வரும் வயிற்றுவலியும், இரவில் நனையும் பாயும், திடீரென்று தொலையத் தொடங்கும் அழிறப்பரும் பென்சிலும் சொல்லும். பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005 இலும் 2016 இலும் சுற்றறிக்கை வெளியிட்டுள்ளது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் அத்தகைய முறைப்பாடுகளுக்கென்றே உள்ளது. இவ்வாறான வேளையில் உங்கள் பிள்ளையை மட்டும் சத்தமின்றி எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். எஞ்சியிருக்கும் பிள்ளைகளுக்கும் அதே ஆபத்து உண்டு.

தொழில் காரணமாகக் குடும்பமே இடம் மாறும்போதும் பிள்ளை உடன் வருவதே நல்லது. வருடம் முடியட்டும் என்று அதனை அம்மம்மா வீட்டில் விட்டுச் செல்வதைவிட, வருட நடுவிலேனும் தாய் தந்தையோடு மாறுவது மேல். இலண்டன் பிள்ளைகள் கற்பித்த பாடமும் அதுவே. மாதக்கணக்கில் வகுப்பாசிரியரே இல்லாமல் இருப்பதும், யானை நடமாடும் காட்டு வழியில் பிள்ளை தனியே நடக்க வேண்டியிருப்பதும் இலேசான காரணங்கள் அல்ல. எகிப்திலிருந்து திரும்பும்போதும் சூசையப்பர் கண்ணை மூடிக்கொண்டு பழைய இடத்துக்குப் போகவில்லை. யூதேயாவில் அர்க்கெலா ஆட்சி செய்வதைக் கேள்விப்பட்டு அஞ்சி, கலிலேயாவுக்கு விலகிச் சென்றார். நியாயமான அச்சத்தைக் கணக்கில் எடுப்பது விசுவாசக் குறைவு ஆகாது.

ஆனால் பல வேளைகளில் காரணம் இத்தகையதாக இருப்பதில்லை. அதிபரோடு ஒரு வாக்குவாதம். கூட்டத்தில் ஒரு சுடுசொல். அயல்வீட்டுப் பிள்ளை நகரப் பாடசாலைக்குப் போய்விட்டது, ஆலய வாசலில் அதைப் பற்றியே பேச்சு. புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில், மனம் கலங்கியிருக்கும் வேளையில் முன்னர் எடுத்த முடிவை மாற்றலாகாது என்று அறிவுறுத்துகின்றார். கோபம் வந்த வாரத்தில் விடுகைப் பத்திரம் கேட்காதீர்கள். அவர் காட்டும் இன்னொரு வழி மிக எளியது. உங்களுக்கு முன்பின் அறிமுகமில்லாத ஒருவர் இதே நிலையில் உங்களிடம் வந்து ஆலோசனை கேட்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவருடைய பிள்ளைக்கு என்ன சொல்வீர்கள்? அதையே உங்கள் பிள்ளைக்கும் செய்யுங்கள். (கல்வியைப் பற்றிப் பேச இவருக்குத் தகுதி உண்டு. முப்பது வயது கடந்தபின் பார்சலோனாவில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் கற்றவர்!)

ஒரு நாளின் மணித்தியாலங்களையும் தாளில் எழுதிப் பாருங்கள். ஏழரைக்குத் தொடங்கும் பாடசாலைக்கு ஐந்து மணிக்கு எழ வேண்டும். சின்ன வகுப்புகள் முன்னதாக விட்டாலும், பெரிய பிள்ளைகளுக்கு விடும்வரை வான் புறப்படாது. வீடு வந்து உண்டவுடன் ரியூசன். இரவு செபமாலைக்கு முழந்தாளிடும்போது பிள்ளை தூங்கி விழுகின்றது. மாதாந்தம் வானுக்குக் கொடுக்கும் பணத்தையும் தந்தை கூடுதலாகச் செய்யும் வேலையையும் அதே தாளில் எழுதுங்கள். மறுபக்கத்தில் புதிய பாடசாலை உண்மையாகவே தரப்போவதை எழுதுங்கள். அதன் பெயரை எழுத வேண்டாம், அது தரும் பொருளை எழுதுங்கள்.

ஊர்ப் பாடசாலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆலயத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பல பாடசாலைகள் 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசுக்குக் கைமாறியவை. பெயர்ப்பலகையில் மட்டும் றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன் பாடசாலை என்பது எஞ்சி நிற்கின்றது. உங்கள் பாட்டனார் கல் சுமந்து கட்டியவை அவை. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறையக் குறைய ஆசிரியர் எண்ணிக்கையும் குறைகின்றது. ஆசிரியர் குறைந்ததென்று மேலும் பிள்ளைகள் போகின்றனர். போக வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளே இறுதியில் அங்கே எஞ்சுகின்றனர். ஒரு பாடசாலையைக் காப்பாற்றும் சுமையை ஏழு வயதுத் தோளில் வைக்கும்படி நான் கேட்கவில்லை. அது நியாயமாகாது. ஆயினும் புறப்படுமுன், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஐந்தாறு பெற்றோர் ஒன்றாகச் சேர்ந்து வலயக் கல்விப் பணிமனைக்கு ஒருமுறையேனும் சென்று ஆசிரியர் கேட்டீர்களா? வெளியேறுவதில் நாம் காட்டும் வேகத்தை இதில் காணமுடிவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து நாள்தோறும் இருட்டோடு பஸ் ஏறி வந்து கற்பிக்கும் ஆசிரியர்கள் இன்றும் வன்னியில் உண்டு. அவர்களிடம் உங்கள் பிள்ளையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு முடிவெடுத்தால் என்ன?

இவ்வளவும் சிந்தித்தபின்னும் மாற்றுவதே நல்லது என்று காண்பீர்களாயின், தயங்காமல் மாற்றுங்கள். சாமுவேலின் தாய் அன்னாவைப் பாருங்கள். பிள்ளையை ஆண்டவருக்கென்று சீலோவில் விடுவதாக நேர்ந்துகொண்டவள் அவள். கணவன் எல்கானா வழக்கம்போல் புறப்பட்டபோது, பிள்ளை பால் மறக்கட்டும், அதன்பின் கொண்டுவருவேன் என்றாள். எல்கானாவும் அவளுக்கு நலமெனத் தோன்றுவதைச் செய்யும்படி விட்டுவிட்டார். கொடுப்பதில் அவளுக்கு ஐயம் இல்லை. காலத்தை மட்டும் பிள்ளையின் வளர்ச்சியைப் பார்த்துக் குறித்தாள். விட்டபின் மறந்தும் போகவில்லை. ஆண்டுதோறும் ஒரு சிறிய மேலாடை தைத்துக்கொண்டு போனாள். பக்கத்தில் இல்லாத பிள்ளையின் அளவு அவளுக்குத் தெரிந்திருந்தது. சிறு பிள்ளைகளை விடுதிகளில் சேர்க்கும் பெற்றோர் இதைக் குறிப்பாக நினைத்தல் வேண்டும்.

நடைமுறையில் சிலவற்றைக் கவனியுங்கள். புதிய பாடசாலை அதிபரின் சம்மதம் எழுத்தில் கிடைக்குமுன் பழைய பாடசாலையில் விடுகைப் பத்திரம் எடுக்க வேண்டாம். இடாப்பிலிருந்து பெயர் நீங்கியபின் இரண்டுக்கும் நடுவில் வீட்டில் நிற்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். முடிந்தவரை ஒரு தவணையின் முதல் நாளிலேயே சேருங்கள். முடிவை எடுப்பது நீங்கள். போவதா இருப்பதா என்று பிள்ளையிடம் விட்டுவிட்டு அதன்மேல் பாரத்தை ஏற்றாதீர்கள். ஆனால் என்ன நடக்கப்போகின்றது என்பதை இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே சொல்லுங்கள். புதிய பாடசாலையின் வாசலையும் மலசலகூடத்தையும் தண்ணீர்க் குழாயையும் ஒருநாள் கூட்டிச் சென்று காட்டுங்கள். முதல் நாளில் பிள்ளையை அதிகம் பயமுறுத்துபவை இவையே. பழைய பாடசாலையைக் குறைத்துப் பேசாதீர்கள். அங்குதான் பிள்ளை "அ" எழுதியது. கடைசி நாளில் வகுப்பாசிரியரை வணங்கி விடைபெறவும், வகுப்புத் தோழருக்கு இனிப்புக் கொடுக்கவும் நேரம் ஒதுக்குங்கள். எமது தலைமுறைக்கு விடைபெறக் கிடைத்ததே இல்லை. உங்கள் பிள்ளைக்கு அது கிடைக்கலாம்.

புது நன்மைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்கும் பிள்ளையாயின், உங்கள் பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாடசாலை மாறினாலும் மறைக்கல்வி வகுப்பைச் சொந்தப் பங்கிலேயே தொடர்வதற்கு எந்தத் தடையும் இல்லை. வாரம் ஐந்து நாள் நகரத்தில் புதிய முகங்களோடு இருந்த பிள்ளை, ஞாயிறு காலையில் பழைய வாங்கில், பழைய தோழன் பக்கத்தில் இருக்கட்டும். அவர்கள் இருவரும் திருப்பலி நேரத்தில் கொஞ்சம் கதைத்தாலும், அந்த முதல் சில மாதங்களுக்கு நாங்கள் காணாதவர்போல் இருந்துவிடுவோம்.